புதுப்பிப்பு: நுண்கால்வாய் எரிபொருள் கலத்தில் மின்னோட்டம் ஏறாத சிக்கல்

சவ்வு இல்லாத நுண்கால்வாய் எரிபொருள் கலத்தில் (எரிபொருள் திரவமும் ஆக்சிஜன் கரைந்த திரவமும் மெல்லிய கால்வாயில் கலக்காமல் அருகருகே ஓடி மின்சாரம் தரும் கருவி), பம்பு வேகத்தைக் கூட்டியும் மின்னோட்டம் ஓரளவுக்கு மேல் ஏறவில்லையே என்று முன்பு கேட்டிருந்தேன். விடை கிடைத்துவிட்டது.

சிக்கல் எரிபொருளான ஃபார்மிக் அமிலம் ஓடும் ஆனோடு பக்கம் இல்லை, ஆக்சிஜன் வினைபுரியும் மின்வாயான கேத்தோடு பக்கம். திரவத்தில் கரையும் ஆக்சிஜன் மிகக் குறைவு. மின்வாயை ஒட்டி ஆக்சிஜன் வற்றிய மெல்லிய அடுக்கு உருவாகி, கால்வாய் நெடுகத் தடித்துக்கொண்டே போகிறது. ஓட்டம் சுழலாமல் சீராகப் போவதால் விரவல் (மூலக்கூறுகள் தாமாகப் பரவுவது) மட்டும்தான் கைகொடுக்கும். வேகத்தை எட்டு மடங்காக்கினால்தான் மின்வாய்க்கு ஆக்சிஜன் வந்துசேர்வது இரண்டு மடங்காகும்!

சரி என்று மதுரையிலேயே ஒரு லேசர் கடையில் அக்ரிலிக் தகட்டில் ஜன்னல் வெட்டி, கேத்தோடாக உள்ள டெஃப்லான் பூசிய கார்பன் தாளின் வெளிமுகத்தைக் காற்றுக்குத் திறந்துவிட்டேன். ஆக்சிஜன் நீரைவிடக் காற்றில் சுமார் 10,000 மடங்கு வேகமாக விரவும். மின்னோட்டம் நன்றாகவே ஏறியது, பெரிய நிம்மதி. சித்திரை வெயிலில் அந்த முகம் சீக்கிரம் உலர்கிறது, அதைத்தான் இப்போது பார்க்கிறேன்.

அப்புறம், கால்வாய்த் தரையில் மீன்முள் வடிவப் பள்ளம் போடச் சொன்ன தம்பிக்கு: கலக்க அருமையான உத்திதான். ஆனால் இங்கே இரண்டு ஓடைகளும் கலந்தால் எரிபொருள் கேத்தோடுக்குத் தாண்டிவிடும். ஆனோடு பக்கம் மட்டும், ஆழம் குறைவாகப் போட்டுப் பார்க்கலாம்.