லிங்க் அறுந்தால் எட்ஜ் பாட்கள் கிளவுடில் இரட்டிக்கின்றன. எங்கே கை வைப்பது?

ஓரமுனை: குபெர்னெட்டீஸ் (கன்டெய்னர்களைத் தானாக ஓட்டி நிர்வகிக்கும் மென்பொருள்) ஓட்டுகிறேன். கண்ட்ரோல் பிளேன் (முடிவெடுக்கும் மையம்) கிளவுடில், எட்ஜ் நோட்கள் (தளத்திலேயே இருக்கும் மெஷின்கள்) 4ஜி லிங்க்கில். லிங்க் ஆறேழு நிமிஷம் போனால் அதே சர்வீஸுக்குக் கிளவுடில் புதுப் பாட் (சர்வீஸை ஓட்டும் கன்டெய்னர் தொகுப்பு) எழுகிறது. லிங்க் திரும்பியதும் எட்ஜில் ஒழுங்காக ஓடிய பாட் செத்துப்போகிறது. தானியங்கி நிர்வாகமே சர்வீஸைக் கெடுக்கிறதே?

டெயின்ட்மாஸ்டர்: பழுதில்லை, குபெர்னெட்டீஸ் அப்படித்தான். கூப்லெட் (ஒவ்வொரு நோட்டிலும் ஓடும் ஏஜென்ட்) 10 வினாடிக்கு ஒருமுறை லீஸை, அதாவது 'உயிரோடு இருக்கிறேன்' என்ற பதிவை, புதுப்பிக்கும். 40 வினாடி (1.32 பதிப்பு முதல் 50) சத்தமில்லை என்றால் நோட்டுக்கு 'அன்ரீச்சபிள்' டெயின்ட் (பாட்களை விலக்கும் குறி) விழும். அதற்குப்பின் பாட்களில் தானாகச் சேர்ந்திருக்கும் 300 வினாடி டாலரேஷன் (அந்தக் குறியைப் பொறுத்துக்கொள்ளும் அவகாசம்) ஓடும், முடிந்ததும் எவிக்‌ஷன். நீக்கும் உத்தரவு எட்ஜுக்குப் போய்ச் சேராது, அதனால் பழைய பாட் ஓடும்; டிப்ளாய்மென்ட் (பாட் எண்ணிக்கையைக் காக்கும் அமைப்பு) மாற்று ஒன்றை எழுப்பும். லிங்க் வந்ததும் கூப்லெட் அந்த உத்தரவைப் பார்த்துக் கொல்லும்.

அன்ரீச்சபிள், நாட்-ரெடி இரண்டு டெயின்டுக்கும் நோ-எக்ஸிக்யூட் (ஓடும் பாட்டையும் வெளியேற்றும் வகை) டாலரேஷன் எழுதுங்கள், வினாடி எண்ணிக்கை போடாமல். காலவரம்பே இருக்காது. டீமன்செட் (நோட்டுக்கு ஒரு பாட் வைக்கும் வகை) என்றால் இது தானாகவே வரும். கூடவே நோட் அஃபினிட்டி (எந்த நோட்டில் ஓடலாம் என்ற விதி) போட்டால் பாட் கிளவுட் நோட்டுக்குத் தாவாது.

கேஷ்காரன்: அது பாதிதான். லிங்க் இல்லாதபோது நோட் ரீபூட் ஆனால்? கூப்லெட் பாட் பட்டியலை கிளவுடிலுள்ள ஏபிஐ சர்வரிடம் கேட்கும், தன் டிஸ்க்கில் வைத்துக்கொள்ளாது. ஸ்டாடிக் பாட் (நோட்டின் கோப்பிலேயே எழுதிவைத்த பாட்) தவிர எதுவும் எழாது. எட்ஜுக்கான குபெர்னெட்டீஸ் நீட்சியான கூப்எட்ஜ் இந்தப் பட்டியலை எட்ஜிலேயே எஸ்க்யூலைட் டேட்டாபேஸில் வைக்கிறது. அதேபோன்ற ஓபன்யர்ட்டில் யர்ட்ஹப் என்ற பகுதி கேஷ் செய்கிறது. தளத்தில் இரண்டு மூன்று நோட் இருந்தால் எனக்குப் பிடித்தது வேறு: தளத்துக்கொரு தனி கே3எஸ் (இலகுவான குபெர்னெட்டீஸ்) கிளஸ்டர், ஃப்ளக்ஸ் என்ற கருவி மூலம் அமைப்புகளைக் கிட் களஞ்சியத்திலிருந்து இழுப்பது. கிளவுட் விருப்பநிலையை மட்டும் சொல்லட்டும், முடிவு தளத்தில்.

கன்டெய்னர் இமேஜையும் மறக்காதீர்கள். டேக் (பதிப்புப் பெயர்) 'லேட்டஸ்ட்' என்றால் புல் பாலிசி (எப்போது இறக்குவது என்ற விதி) தானாக 'ஆல்வேஸ்' ஆகும். இமேஜ் டிஸ்க்கில் இருந்தும் ரெஜிஸ்ட்ரியை (இமேஜ் கிடங்கை) கேட்டு விழும். டேக்கைப் பூட்டி 'இஃப்-நாட்-பிரசென்ட்' போடுங்கள். டிஸ்க் 85% தாண்டினால் பயன்படுத்தாத இமேஜ்கள் அழியும், ரோல்பேக் இமேஜும் (பழைய பதிப்புக்குத் திரும்பத் தேவையானது) அதில் போகும்.

ஓரமுனை: எட்சிடி (கிளஸ்டரின் நிலையைச் சேமிக்கும் டேட்டாபேஸ்) உறுப்பினர் ஒன்றை எட்ஜில் வைத்தால் போதாதா?

டெயின்ட்மாஸ்டர்: வேண்டவே வேண்டாம். உறுப்பினர்களுக்குத் தலைவர் அனுப்பும் ஹார்ட்பீட் இடைவெளி 100, எலெக்‌ஷன் டைம்அவுட் 1000 மில்லிசெகண்ட். 4ஜி தடுமாற்றத்துக்கு இது தாங்காது.

இன்னொன்று: வரம்பில்லா டாலரேஷன் போட்டால், நோட் உண்மையிலேயே செத்தாலும் பாட் நகராது. மெஷின் அணைந்தது உறுதியான பிறகே 'அவுட்-ஆஃப்-சர்வீஸ்' டெயின்டைக் கையால் போடுங்கள். ஓடும் நோட்டில் போட்டால் ஒரே வால்யூமில் இருவர் எழுதுவார்கள்.