செஸ் பிளிட்ஸில் (வேக ஆட்டம்) ஃப்ரைட் லிவரிடம் (குதிரையைப் பலிகொடுத்து ராஜாவைத் துரத்தும் தாக்குதல்) மறுபடி மாட்டினேன், கறுப்புக்கு வழி என்ன?

நேற்று ஆளுக்கு 3 நிமிடம், மூவுக்கு 2 நொடி கூடுதல் ஆட்டம். எனக்குக் கறுப்பு. இத்தாலியன் ஓப்பனிங்கில் (தொடக்க வரிசை) மூன்றாவது மூவில் எஃப்6 கட்டத்துக்குக் குதிரையை எடுத்தேன். உடனே அவர் குதிரை ஜி5க்கு வந்தது. டி5 தள்ளினேன், சிப்பாயால் வெட்டினார், நானும் யோசிக்காமல் குதிரையால் திருப்பி வெட்டினேன். அவர் குதிரை எஃப்7இல் விழுந்தது. ராஜாவால் எடுத்தேன், ராணி எஃப்3இல் செக். அங்கே 50 நொடி உட்கார்ந்தேன். ராஜா நடுப்பலகைக்குப் போக மனம் வரவில்லை, இ8க்கே திரும்பினேன். பிஷப் டி5 குதிரையை வெட்டி, எஃப்7இல் மேட் மிரட்டல். கேஸ்லிங்கும் (ராஜாவை யானையோடு சேர்த்து ஓரத்துக்கு நகர்த்துவது) போய், ஒரு சிப்பாயும் குறைந்து, கடைசியில் நேரமும் தீர்ந்தது. இந்த ஓப்பனிங் எனக்கு ரொம்பப் பிடிக்கும், விட மனமில்லை. எங்கே திருத்த வேண்டும்?

பதில் 1:
இ8 போனதுமே குதிரை போய்விட்டது. அதைக் காப்பாற்ற ராஜா இ6தான் போக வேண்டும். ஆனால் பிளிட்ஸில் அந்த ராஜாவைக் காப்பதே பெரும்பாடு. திருத்த வேண்டியது அதற்கு முந்தைய மூவை. டி5இல் வெட்டாமல் சி6இல் நிற்கும் மற்றக் குதிரையை ஏ5க்கு எடுத்து பிஷப்பைத் தாக்குங்கள். பிஷப் பி5இல் செக் கொடுக்கும், சி6 தள்ளுங்கள், அவர் வெட்டுவார், பி சிப்பாயால் திருப்பி வெட்டுங்கள். பிஷப் இ2க்குப் பின்வாங்கினால் எச்6 தள்ளுங்கள். அவர் குதிரை எஃப்3க்கு ஓடும். நீங்கள் இ4 தள்ளினால் அது மறுபடி ஓட வேண்டும். ஒரு சிப்பாய் குறைவுதான், ஆனால் அவர் ஓடிக்கொண்டே இருக்க, உங்கள் காய்கள் வெளியே வந்துவிடும். 16ஆம் நூற்றாண்டு இத்தாலியர் பொலேரியோவின் பெயரால் அழைக்கப்படும் வழி இது.

பதில் 2:
மனப்பாடம் வேண்டாம் என்றால் மூன்றாவது மூவிலேயே பிஷப்பை சி5க்கு எடுங்கள். எஃப்6 காலியாக இருப்பதால் குதிரை ஜி5 வந்தால் உங்கள் ராணி சும்மா வெட்டிவிடும்.

கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. சி5 பாதுகாப்பானது, புரிகிறது. ஆனாலும் ஏ5 வழியையே பிடித்துக்கொள்கிறேன். குதிரை ஓரத்தில் நிற்பதுதான் உறுத்தியது. இன்று அதே வரிசை வந்தது. இ4 தள்ளியபோது எனக்கு இன்னும் 2 நிமிடம் 40 நொடி இருந்தது, அவர் யோசிக்க ஆரம்பித்தார். பிஷப் இ2க்குப் பதில் டி3க்குப் போனால் என்ன செய்வது?

பதில் 1:
அப்போது இ4 தள்ள வராது. ஆனால் பிஷப் அவருடைய டி சிப்பாயையே மறித்து நிற்கும். எஃப்6 குதிரையை டி5க்குக் கொண்டுவாருங்கள், ஜி5 குதிரைமேல் உங்கள் ராணியின் பார்வை திறக்கும்.