அகல மானிட்டர் மாட்டியதும் எல்லாம் பருத்துத் தெரிகிறது, அவசர உதவி தேவை

அல்சூர் அச்சகம்:
வணக்கம். பழைய மானிட்டர் போய்விட்டதால் 22 இன்ச்சில் புதிது வாங்கி மாட்டினேன். படம் வருகிறது. ஆனால் வட்டம் போட்டால் முட்டையாகத் தெரிகிறது, பத்திரிகையின் தலையில் வைக்கும் பிள்ளையார் அகன்று நிற்கிறார், எழுத்தும் மங்கல். ஆவணி முகூர்த்தம் நெருங்குகிறது, பெங்களூரில் பாதிக் கல்யாணப் பத்திரிகை என் மேஜையில்தான் கிடக்கிறது. எந்த செட்டிங்கை மாற்ற வேண்டும்? உடனே சொல்லுங்கள்.

விவேக் நகர் கண்ணன்:
எந்தக் கம்ப்யூட்டர், எந்த விண்டோஸ், எந்த ஒயர் என்று எதுவுமே சொல்லவில்லையே சார். நீலத் தலை வைத்த விஜிஏ ஒயரா?

செல்வி:
மானிட்டரின் அளவு, அதாவது திரையின் புள்ளிக் கணக்கு என்ன? 22 இன்ச்சில் 1680×1050 உண்டு, 1920×1080 உண்டு. பெட்டி மேலேயே எழுதியிருக்கும்.

வன்பொருள்:
கேள்வி கேட்பதற்கும் ஒரு முறை இருக்கிறது, இதை எத்தனை பேருக்குத்தான் சொல்வது? விண்டோஸின் டிவைஸ் மேனேஜரில் டிஸ்ப்ளே அடாப்டர்ஸ் என்பதற்குக் கீழே என்ன இருக்கிறதோ அதை அப்படியே எழுதுங்கள். ஸ்டாண்டர்டு விஜிஏ என்று இருந்தால் அதை இயக்கும் மென்பொருளான டிரைவரே போடவில்லை என்று அர்த்தம். அதைக்கூடப் பார்க்காமல் அவசரம் என்றால் யாரால் என்ன செய்ய முடியும்?

அல்சூர் அச்சகம்:
எக்ஸ்பி, பென்டியம் 4. இன்டெல் 82865ஜி என்று காட்டுகிறது. மானிட்டர் 1920×1080. விஜிஏ ஒயர்தான், மானிட்டரோடு வந்தது. இப்போது 1024×768இல் ஓடுகிறது. 1280×960, 1280×1024, 1600×1200 எல்லாம் இருக்கிறது, 1920 மட்டும் இல்லை. 1600 வைத்தால் திரை கறுத்துப்போய் ஏதோ எச்சரிக்கை வருகிறது.

விவேக் நகர் கண்ணன்:
அப்படியானால் ஒயர்தான் காரணம். விஜிஏ தலையில் 15 ஊசி இருக்க வேண்டும். மானிட்டர் தன் அளவைக் கம்ப்யூட்டருக்குச் சொல்வது 12, 15ஆம் ஊசிகள் வழியாக. அவை இல்லாத மலிவு ஒயர்கள் நிறைய உலவுகின்றன. எண்ணிப் பாருங்கள்.

அல்சூர் அச்சகம்:
14தான் இருக்கிறது. நடு வரிசையில் ஒன்றைக் காணோம்.

விவேக் நகர் கண்ணன்:
சொன்னேன் அல்லவா!

செல்வி:
இல்லை கண்ணன் சார். நடு வரிசையில் 6 முதல் 10 வரை. அதில் இல்லாதது 9ஆம் ஊசியாகத்தான் இருக்கும், பல நல்ல ஒயர்களிலும் அது வைப்பதில்லை. 12ம் 15ம் கடைசி வரிசை. ஒயர்மேல் சந்தேகம் வேண்டாம்.

ராஜாஜிநகர் பாபு:
கம்ப்யூட்டர் கிளம்பும்போது திறக்கிற அடிப்படை செட்டிங்கான பயாஸுக்குள் போய் வீடியோ மெமரியைக் கூட்டுங்கள். குறைவாக இருந்தால் பெரிய அளவுகள் வராது.

வன்பொருள்:
1920×1080, 32 பிட் நிறத்துக்குச் சுமார் 8 எம்பி போதும். அதை இன்டெல் டிரைவர் ரேமிலிருந்து தானே எடுத்துக்கொள்ளும். கணக்குப் போட்டுவிட்டுப் பேசுங்கள் தம்பி.

இவருடைய 82865ஜி, சுருக்கமாக 865ஜி, 2003இல் வந்த சிப்செட், அதாவது படம் காட்டும் வேலையையும் சேர்த்துச் செய்யும் போர்டுச் சில்லு. அன்றைக்கு மேஜைகளில் இருந்தவை பெரும்பாலும் அகலத்துக்கும் உயரத்துக்கும் 4:3, 5:4 விகிதம் உள்ள திரைகள். இந்த டிரைவர் தன் பட்டியலில் உள்ள அளவுகளை மட்டுமே தரும். மானிட்டர் 1920 என்று சொன்னாலும் பட்டியலில் இல்லாததைப் போடாது. இவர் 4:3 படத்தை 16:9 திரையில் நிரப்பியிருக்கிறார், அதனால் எல்லாமே மூன்றில் ஒரு பங்கு அகலம் கூடித் தெரிகிறது.

முழு 1920 வேண்டுமானால் தனி கிராபிக்ஸ் கார்டுதான் வழி. மதர்போர்டில் ஏஜிபி ஸ்லாட் (கிராபிக்ஸ் கார்டுக்கான பழைய வகைச் செருகுமிடம்) இருந்தால் ஜிஃபோர்ஸ் 6200 ஏஜிபி தேடுங்கள், அதற்கு எக்ஸ்பி டிரைவர் உண்டு. அதற்குப் பின் வந்த பிசிஐ எக்ஸ்பிரஸ் கார்டு இதில் நுழையாது. இந்த போர்டு 1.5 வோல்ட் ஏஜிபி. 3.3 வோல்ட் பழைய கார்டைச் செருகினால் போர்டே போய்விடும்.

ராஜாஜிநகர் பாபு:
பெங்களூர் எஸ்.பி. ரோட்டில் பழைய கம்ப்யூட்டர் பாகக் கடைகளில் கேட்டுப் பார்க்கலாம். கடையிலேயே ஓட்டிக் காட்டச் சொல்லி வாங்குங்கள்.

எழுத்துரு:
எக்ஸ்பிக்கு ஆதரவு நின்றதே 2014 ஏப்ரலில். அதற்குக் கார்டு தேடி அலைவதைவிடப் புதுக் கம்ப்யூட்டரில், எல்லோருக்கும் பொதுவான எழுத்துக் குறியேற்றமான யூனிகோடுக்கு மாறுங்கள் ஐயா.

அல்சூர் அச்சகம்:
பத்திரிகை வடிவமைக்க நான் வைத்திருக்கும் மென்பொருள் பேஜ்மேக்கர் 7. மாதிரிகள் எல்லாம் அதில்தான். எழுத்துருவும் அந்தக் காலத்தது.

எழுத்துரு:
அதனால்தான் சொல்கிறேன். பேஜ்மேக்கர் 7 வந்தது 2001இல், அதற்குப் பின் பதிப்பே கிடையாது, யூனிகோடும் தெரியாது. அதற்கு அடுத்து வந்த வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைனில் சிஎஸ்6 பதிப்பு வரைக்கும் அந்த ஃபைல்களைத் திறக்கும், அப்புறம் வந்தவை திறக்காது. தள்ளிப்போட்டால் கதவு மூடிவிடும்.

வன்பொருள்:
ஃபைல் திறந்தால் போதுமா? 1999இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டில் தமிழ்க் குறியேற்றத்துக்கு டாம், டாப் என்று தரம் வகுத்த பிறகும் அச்சகங்களில் ஆளுக்கொரு குறியேற்றம்தான் ஓடியது. அவற்றை யூனிகோடாக்கும் மாற்றி மென்பொருளில் போட்டால் ஒற்றும் கொம்பும் இடம் மாறி வரும். மணமகன் பெயரில் ஒரு எழுத்து தவறினால் மொத்தப் பத்திரிகையையும் திருப்பி அடிக்க வேண்டும். முகூர்த்த நேரத்தில் செய்கிற வேலையா அது?

எழுத்துரு:
எந்த நேரத்தில்தான் செய்வது? ஹார்ட் டிஸ்க் ஒருநாள் நின்றால் இருபது வருட உழைப்பு போய்விடும். தமிழ் அச்சகங்களில் இதைப் பார்த்துப் பார்த்து வயிறு எரிகிறது.

விவேக் நகர் கண்ணன்:
அவர் கேட்டது திரையைப் பற்றி.

செல்வி:
இன்றைக்கு வேலை நடக்க இதைச் செய்யுங்கள் அண்ணா. மானிட்டரின் பட்டனை அழுத்தி மெனுவைத் திறங்கள். ஆஸ்பெக்ட் அல்லது இமேஜ் சைஸ் என்று ஒரு வரி இருக்கும். அது வைடு அல்லது ஃபுல் என்று இருந்தால் 4:3 ஆக்குங்கள். விண்டோஸில் 1280×960, 60 ஹெர்ட்ஸ் வையுங்கள். 1280×1024 வேண்டாம், அது 5:4. 1600×1200 இந்தத் திரையின் 1080 வரிகளுக்குள் அடங்காது, அதனால்தான் கறுத்தது. கடைசியில் மெனுவிலேயே ஆட்டோ அட்ஜஸ்ட் அழுத்துங்கள்.

இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை வரும், வரட்டும். மங்கல் கொஞ்சம் மிஞ்சும், ஏனென்றால் 960 வரியை 1080க்கு நீட்டித்தான் காட்டுகிறது. அச்சில் வரும் அளவுக்கும் இதற்கும் தொடர்பே இல்லை. பிள்ளையாரைத் திரையில் பார்த்து ஒல்லியாக்கியிருந்தால் மட்டும் அந்த ஃபைலைச் சரிபார்த்துவிடுங்கள்.

அல்சூர் அச்சகம்:
4:3 போட்டேன். வட்டம் வட்டமாக வருகிறது. நன்றிம்மா. கார்டு முகூர்த்தம் முடிந்து பார்க்கிறேன்.

எழுத்துரு:
ஃபைல்களோடு எழுத்துருக்களையும் இன்றே ஒரு பென்டிரைவில் நகல் எடுத்து வையுங்கள் ஐயா. எழுத்துரு இல்லாமல் ஃபைல் மட்டும் இருந்தால் படிக்கவே முடியாது.

வன்பொருள்:
கார்டு வாங்கக் கிளம்புவதற்கு முன் போர்டில் ஏஜிபி ஸ்லாட் இருக்கிறதா என்று திறந்து பார்த்துச் சொல்லுங்கள். சில 865ஜி போர்டுகளில் அது இருக்காது.