கச்சான் காற்றும் இடுப்புக் கயிறும்

கல்லடியிலிருந்து:

நீந்தத் தெரிந்தவனுக்கு எதற்கு இடுப்பைப் படகோடு கட்டிக்கொள்ளும் கயிறு என்று கேட்பவர்கள் எங்கள் பக்கம் நிறையப் பேர். பாய்ப்படகு மணிக்கு 5 கடல் மைல் ஓடினால் ஒரு நிமிடத்தில் 150 மீட்டரைத் தாண்டிவிடும். எந்த நீச்சல்காரன் துரத்திப் பிடிப்பான்? அதிலும் இலங்கையின் கிழக்குக் கரையான எங்கள் பக்கம் கச்சான் கரையிலிருந்து கடலுக்கு வீசுகிற காற்று. கரையோரம் அலையில்லாமல் கிடக்கும், விழுந்தவனையோ வெளியேதான் தள்ளிக்கொண்டு போகும்.

அந்தப் பருவத்தில் ஒருநாள் பாலமீன்மடுவுக்கு வெளியே மச்சானோடு போயிருந்தேன். காற்று பின்னால் இருந்தது. அவன் கயிறு சுருட்ட எழுந்த நேரம் காற்று சட்டென்று பக்கம் மாற, பாயின் அடித்தண்டு மறுபக்கம் அடித்துக்கொண்டு வந்து தோளில் பட்டது. ஆள் விளிம்பைத் தாண்டிவிட்டான். படகோடு கட்டிய இடுப்பு வார் குட்டையாக இருந்ததால் கால் மட்டும்தான் தண்ணீரில். நான் முதலில் அணியத்தை, அதாவது படகின் முன்பக்கத்தை, காற்றுக்கு எதிரே திருப்பிப் பாயைத் தளர்த்தினேன், வேகம் செத்த பிறகுதான் இழுத்தேன். ஓடுகிற படகில் நனைந்த மனிதனை ஏற்ற முடியாது.

வார் 2 மீட்டருக்கு மேல் இருக்கவே கூடாது. என்னைக் கேட்டால் அதுவும் நீளம்தான். நீள வாரில் விழுந்தவனைப் படகு தண்ணீருக்குள் இழுத்துக்கொண்டு ஓடும், லைஃப் ஜாக்கெட் போட்டிருந்தாலும் மூச்சு முட்டும். காற்று வரும் பக்கத்தில் வாரைக் கொளுவினால் பெரும்பாலும் படகுக்குள்ளேயே விழுவீர்கள்.

பெரிய ஆட்களுக்கும் இதுதான் நடந்திருக்கிறது. உலகம் அறிந்த பிரெஞ்சு மாலுமி எரிக் தபர்லி 1998 ஜூனில், வேல்ஸுக்கு அப்பால், இரவில் பாய் மாற்றும்போது பாய்த்தண்டு அடித்துக் கடலில் விழுந்தார். லைஃப் ஜாக்கெட்டும் இல்லை, கயிறும் இல்லை.

வாழைச்சேனையிலிருந்து:

சிரிக்காதீர்கள், இரவில் ஒன்றுக்கு இருக்க விளிம்பில் நிற்பதுதான் நான் கண்ட பெரிய ஆபத்து. ஒரு கை வேறு வேலையில், கண்ணில் தூக்கம். எங்கள் படகில் அதற்கென்றே ஒரு வாளி, முழங்காலில் இருந்துகொண்டுதான். புதுப் பெடியன்கள் வெட்கப்படுவார்கள், படட்டும்.

பொத்துவிலிலிருந்து:

கல்லடிக் காக்கா (அண்ணன்) படகோடு கட்டிக்கொள்ளச் சொன்னது கனமான, லேசில் கவிழாத படகுக்குச் சரி. களப்புத் தோணிக்கும் சின்னப் பாய்ப்படகுக்கும் அதைச் செய்யாதீர்கள். அவை கவிழும், கட்டியிருந்தால் பாயின் கீழே மாட்டிக்கொள்வீர்கள். அங்கே லைஃப் ஜாக்கெட் போட்டு, கவிழ்ந்ததைப் பிடித்தபடியே கிடக்க வேண்டும். கரை கிட்டத்தில் தெரிகிறதென்று நீந்தப் புறப்பட வேண்டாம், தலையைவிடத் தோணியைத்தான் தேடுபவர்கள் தூரத்திலிருந்து காண்பார்கள்.

தனியாகப் போகிறவர்கள் பின்பக்கத்தில் கால் வைக்கக் கயிற்று வளையம் ஒன்று கட்டுங்கள். தண்ணீரில் இருந்தபடியே எட்டி இழுக்கக்கூடியதாக இருக்க வேண்டும். உடம்பு களைத்த பிறகு கையை மட்டும் ஊன்றி ஏறுவது நடக்காத காரியம். வாரை அறுக்க ஒரு கத்தியும், ஒரு கையால் எடுக்கிற இடத்தில்.