செபராங் பிறையில் உள்ளூர்க் கட்சி தொடங்கி மன்றத்துக்குள் போக முடியுமா?

பிறைக்கரை:
வணக்கம். பினாங்கு மாநிலத்தின் பெருநிலப் பகுதியான செபராங் பிறையில், சிம்பாங் அம்பாட் பக்கம் நான்கு தாமான்களின் (வீடமைப்புப் பகுதிகளின்) குடியிருப்பாளர் சங்கங்கள் சேர்ந்து, எந்தத் தேசியக் கட்சியையும் சாராத ஓர் உள்ளூர்க் கட்சி தொடங்கலாமா என்று பேசி வருகின்றன. கால்வாய், குப்பை, தெருவிளக்கு, புதுக் கட்டட அனுமதி எல்லாமே உள்ளூராட்சி மன்றத்தின் கையில்தான் இருக்கிறது. இங்கிலாந்தில் எப்சம் அண்ட் யூவல் என்ற ஊரில் 1937 முதல் குடியிருப்பாளர்களின் அணியே மன்றத்தை நடத்துகிறது. அதுபோல இங்கே நிற்க முடியுமா? முடியாதென்றால் வேறு எந்த வழியில் போவது? எங்கே சறுக்கும் என்பதையும் சொல்லுங்கள்.

சட்டவரி:
நிற்க முடியாது, நிற்பதற்குத் தேர்தலே இல்லை. மலேசியா உருவானதை இந்தோனேசியா எதிர்த்து மோதிய காலத்தில், 1965 மார்ச்சில், உள்ளூராட்சித் தேர்தல்கள் நிறுத்திவைக்கப்பட்டன. 1976-ஆம் ஆண்டின் உள்ளூராட்சிச் சட்டம் (சட்டம் 171) பிரிவு 15 அதை நிரந்தரமாக்கிவிட்டது. பினாங்கு 2012-ல் தேர்தலுக்கென்றே ஒரு மாநிலச் சட்டம் இயற்றியது. பிரிவு 15 குறுக்கே நிற்பதால் மாநிலத்துக்கு அந்த அதிகாரம் இல்லை என்று கூட்டரசு நீதிமன்றம் 2014-ல் தீர்ப்பளித்தது. ஆக, நாடாளுமன்றம் அந்தப் பிரிவை மாற்றும்வரை கதவு மூடியே இருக்கும்.

இப்போது உறுப்பினர்களை நியமிப்பது மாநில அரசு. அதே சட்டம் 171-இன் பிரிவு 10-ஐ ஒருமுறை நிதானமாகப் படியுங்கள். மேயர் நீங்கலாக 8 பேருக்குக் குறையாமல், 24 பேருக்கு மிகாமல் உறுப்பினர்கள் இருக்க வேண்டும். அவர்களில் பெரும்பான்மையோர் அந்த மன்றத்தின் எல்லைக்குள் வழக்கமாகக் குடியிருப்பவர்களாக இருக்க வேண்டும். ஊராட்சி அனுபவம் உள்ளவர், தொழிலில் சிறந்தவர், அல்லது தம் வட்டார மக்களின் நலனைப் பிரதிநிதிக்கக்கூடியவர் என்பதுதான் தகுதி. கட்சி உறுப்பியம் என்ற சொல்லே அங்கே கிடையாது. பதவிக்காலம் 3 ஆண்டுக்கு மேல் போகாது. பினாங்கில் வழக்கமாக ஆண்டுக்கு ஒருமுறை நியமனம் புதுப்பிக்கப்படுகிறது.

நடைமுறையில், ஆளும் கூட்டணிக் கட்சிகள் இடங்களைப் பங்கிட்டுக்கொண்ட பிறகு அரசு சாரா அமைப்புகளுக்குச் சில இடங்கள் மிஞ்சுகின்றன. உங்கள் அணி குறிவைக்க வேண்டியது அந்தச் சில இடங்களைத்தான்.

தீவுக்காரர்:
உள்ளூர்க் கட்சி என்பது பினாங்குக்குப் புதிதல்ல. ஜார்ஜ் டவுனில் 1857-லேயே நகராண்மைத் தேர்தல் நடந்திருக்கிறது. 1913-ல் ஆங்கிலேயர் அதை எடுத்துவிட்டார்கள். 1951-ல் மீண்டும் தேர்தல் வந்தபோது, தேர்ந்தெடுக்கப்படும் 9 இடங்களில் 6 இடங்களை வென்றது ரேடிக்கல் கட்சி. அது பினாங்கிலேயே முளைத்த கட்சி. அதை வழிநடத்திய டாக்டர் லிம் சோங் யூ பின்னர் ம.சீ.ச.வுக்கு (மலேசிய சீனர் சங்கம் என்ற தேசியக் கட்சி) போய் 1958-ல் அதன் தேசியத் தலைவரானார். ரேடிக்கல் கட்சி தேய்ந்து மறைந்தது. தலைவரைச் சுற்றியே கட்டிய உள்ளூர்க் கட்சிக்கு நேர்வது இதுதான். நான்கு தாமான்களும் இதை முதலிலேயே பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்.

அதே லிம் சோங் யூ 1968-ல் வேறு சிலரோடு சேர்ந்து கெராக்கான் கட்சியைத் தொடங்கினார். 1969-ல் மாநிலத்தின் 24 சட்டமன்ற இடங்களில் 16-ஐ அது பிடித்தது. அப்போது உள்ளூர்த் தேர்தல் இல்லை. மாநிலத்தைப் பிடித்தவர் கைக்கு மன்றமும் வந்தது. இன்றும் கணக்கு மாறவில்லை.

ஒன்றைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. 1957-ல் மாநகரமான ஜார்ஜ் டவுனின் தொடக்க கால மேயர்களில் ஒருவர் தொழிற்கட்சியின் டி.எஸ். இராமநாதன், ஒரு தமிழர். தேர்தல் நிறுத்தப்பட்ட பிறகு ஊராட்சி மன்றங்களை ஆராய்ந்த அரச ஆணையத்துக்குத் தலைமை தாங்கியவர் செனட்டர் ஆதி நாகப்பன். தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்களே வேண்டும் என்று அந்த ஆணையம் பரிந்துரைத்தது. நம் இளையோருக்கு இந்த இரண்டு பெயர்களும் தெரிந்திருக்க வேண்டும்.

கோப்புக்காரி:
கட்சியை இப்போதைக்கு ஒத்திவையுங்கள், சங்கத்தை முறைப்படுத்துங்கள் என்பதே என் கருத்து. காரணம், 1966-ஆம் ஆண்டின் சங்கச் சட்டம் 'அரசியல் கட்சி' என்பதற்குத் தரும் விளக்கம். தன் வேட்பாளர்கள் மூலம் தேர்தலில் பங்கெடுக்கும் எந்தச் சங்கமும், விதியில் எழுதியிருந்தாலும் இல்லாவிட்டாலும், கட்சிதான். குடியிருப்பாளர் சங்கத்தின் பெயரில் ஒருவரை நிறுத்தினால் சங்கத்தின் பதிவுக்கே ஆபத்து. அரசியல் கூடாது என்ற விதி உங்கள் அமைப்பு விதிகளில் இருக்கிறதா என்றும் பாருங்கள். பல சங்கங்களில் இருக்கும்.

பதிவுக்குக் குறைந்தது 7 பேர் வேண்டும். பதிவு ஆன பிறகுதான் பலர் கோட்டை விடுகிறார்கள். ஆண்டுக் கூட்டம் முடிந்து 60 நாளுக்குள் ஆண்டறிக்கையும் கணக்கும் சங்கப் பதிவிலாகாவுக்குப் போயிருக்க வேண்டும். ஒரு செயலாளர் விலகி, பதிவிலாகாவின் இணையக் கணக்குக்கான மறைச்சொல் அவரோடு போய், இரண்டு ஆண்டு அறிக்கை நின்று, கடைசியில் பதிவு ரத்து: சங்கங்கள் சாவது பெரும்பாலும் இப்படித்தான். இரண்டு பேரிடம் அந்த மறைச்சொல் இருக்கட்டும்.

நியமனம் கிடைக்காவிட்டாலும் சட்டம் தரும் வாசல்கள் உண்டு. மன்றத்தின் முழுக் கூட்டம், தனித் தீர்மானம் போட்டு மூடினாலன்றி, பொதுமக்களுக்குத் திறந்தது (உள்ளூராட்சிச் சட்டம், பிரிவு 23). குழுக் கூட்டங்களுக்கு அது பொருந்தாது. மாதாமாதம் ஒருவர் போய் உட்கார்ந்து குறிப்பெடுக்கட்டும்.

வீட்டு வரியில் புது மதிப்பீட்டுப் பட்டியல் வந்தால், மறுஆய்வுக்குக் குறித்த நாளுக்கு 14 நாள் முன்பே எழுத்து மூலம் ஆட்சேபம் தர வேண்டும் (அதே சட்டம், பிரிவு 142). 'வரி அதிகம், கட்ட முடியவில்லை' என்று எழுதினால் அது ஆட்சேபமாகவே எடுபடாது. மதிப்பு கூடுதலாகப் போடப்பட்டிருக்கிறது என்று காட்ட வேண்டும். அதே வரிசையில் அதே அளவு வீடுகளின் வாடகை விவரத்தை இணையுங்கள். ஒரே கடிதத்தை நகலெடுத்து நூறு பேர் கையொப்பமிடுவதைவிட, வீட்டுக்கு வீடு கணக்கோடு போகும் இருபது கடிதம் வேலை செய்யும்.

கட்டட அனுமதியில், உள்ளூர்த் திட்டம் (வட்டார நிலப்பயன்பாட்டுத் திட்டம்) அமலில் இல்லாத இடமென்றால், அக்கம்பக்க நில உரிமையாளருக்கு மன்றம் அறிவிப்பு அனுப்பும். ஆட்சேபத்துக்கு 21 நாள். ஒட்டிய நிலம், அல்லது 20 மீட்டருக்கு மிகாத சாலை, சந்து, கால்வாய் இடையிட்ட நிலம் என்றால்தான் 'அக்கம்பக்கம்'. முட்டுச்சந்து வழியாக மட்டுமே போகும் இடமானால் 200 மீட்டர் வரை சேரும். வாடகைக்கு இருப்பவருக்கு அறிவிப்பு வராது. நிலப்பட்டாவில் பழைய முகவரி இருந்தாலும் வராது. ஆகவே ஆட்சேபிக்கும் உரிமை யாருக்கு என்று இப்போதே வீட்டு எண் வாரியாகப் பட்டியல் போட்டுவையுங்கள்.

பிறைக்கரை:
நன்றி. 14 நாள் விவரம் எங்களில் யாருக்கும் தெரியாது. தீவுக்காரர் சொன்னபடி மாநிலத்தின் வழியேதான் மன்றம் என்றால், சட்டமன்றத் தொகுதி ஒன்றில் சுயேச்சையை நிறுத்தினால்?

சட்டவரி:
செய்யலாம், ஆனால் சங்கத்திலிருந்து தனியாக. வைப்புத்தொகை 5,000 வெள்ளி (ரிங்கிட்); பதிவான வாக்கில் எட்டில் ஒரு பங்கு கிடைக்காவிட்டால் அது போச்சு. பிரசாரப் பொருள்களை அகற்றுவதற்கான வைப்புத்தொகை 3,000 வெள்ளி தனி. பதாகைகளைக் கழற்றிவிட்டால் திரும்பக் கிடைக்கும். செலவு உச்சவரம்பு 1,00,000 வெள்ளி. முடிவு அரசிதழில் வந்து 31 நாளுக்குள் செலவுக் கணக்கைத் தாக்கல் செய்ய வேண்டும், தோற்றவரும்கூட. தவறினால் 5 ஆண்டு நிற்கும் தகுதி போய்விடும். சுயேச்சைகள் அதிகம் சறுக்குவது இங்கேதான், கட்சி அலுவலகம் போல நினைவூட்ட ஆள் இல்லை.

இன்னொன்று: 'முதலில் சுயேச்சையாக ஜெயிப்போம், பிறகு கட்சி பதிவு செய்வோம்' என்று யாராவது சொன்னால் நிறுத்துங்கள். சுயேச்சையாக வென்றவர் பிறகு ஒரு கட்சியில் சேர்ந்தால் இடம் காலியாகும், கட்சித் தாவல் தடை அவருக்கும் பொருந்தும்.

கிள்ளான்வேலி:
கோலாலம்பூரில் உறவினர் இருந்தால் அவர்களுக்கும் ஒரு குறிப்பு. அங்கே நியமன உறுப்பினர் மன்றம்கூட இல்லை; மேயருக்கு ஆலோசனை வாரியம் மட்டுமே. 1952-ல் தொடங்கிய நகராண்மைத் தேர்தல், கூட்டரசுத் தலைநகர் சட்டம் 1961-ல் அமலானதோடு முடிந்தது. அதனால் அங்கே குடியிருப்பாளர்களின் ஆயுதம் ஆட்சேபமும் நீதிமன்றமும்தான். தாமான் ரிம்பா கியாரா என்ற பூங்கா தொடர்பான வழக்கில் மேம்பாட்டு அனுமதி ரத்தானதை 2023 ஏப்ரலில் கூட்டரசு நீதிமன்றம் உறுதிசெய்தது. அந்த வழக்கின் தீர்ப்பைக் கோப்புக்காரி சொன்ன பட்டியலோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். யாருக்கு வழக்குத் தொடுக்கும் தகுதி உண்டு என்ற கேள்வி அதில் விரிவாகப் பேசப்பட்டிருக்கிறது.