வெள்ளத்துல 250 கிராம் ட்ரோன் என்னத்த கிழிக்கும்?

ஏரல்காரன்: நேத்து ஒரு மகராசன் எழுதியிருக்காரு: 2023 டிசம்பர்ல தூத்துக்குடி, நெல்லை வெள்ளத்தப்ப பஞ்சாயத்துக்கு ஒரு ட்ரோன் இருந்திருந்தா ஒருத்தரும் பட்டினி கிடந்திருக்க மாட்டாவளாம். 250 கிராம்தானாம், லைசன்ஸே வேண்டாமாம். ரெண்டு ராத்திரி மாடியில ரஸ்கும் மழைத்தண்ணியுமா கிடந்தவன் கேக்கேன், அது என்னத்தவே தூக்கும்? தீப்பெட்டியா?

ஜங்ஷன் தம்பி: அந்த மகராசன் நாந்தான். தூக்கச் சொல்லல, பாக்கச் சொன்னேன். எந்த மாடியில ஆளிருக்குன்னு தெரிஞ்சாத்தானே படகு போவும்? 2021 ட்ரோன் விதிகள வாசியும். 250 கிராம் வரைக்கும் 'நானோ' ரகம், ஓட்டுறவருக்கு பைலட் சான்றிதழ் வேண்டாம்.

ராதாபுரத்தான்: எங்க பக்கம் வந்து விடும் பாப்போம். ஒரு பக்கம் கூடங்குளம் அணு உலை, இன்னொரு பக்கம் மகேந்திரகிரி இஸ்ரோ மையம், நடுவுல விஜயநாராயணத்துல கடற்படை. ட்ரோன் பறக்கத் தடையுள்ள சிவப்பு மண்டலம்னா 100 கிராமா இருந்தாலும் மத்திய அரசு அனுமதி வேணும். அதையும் இணையத்துலதான் கேக்கணும். அன்னைக்கு டவர் எங்க இருந்துச்சு?

ஜங்ஷன் தம்பி: ஸ்ரீவைகுண்டத்துல எந்த அணு உலைவே இருக்கு? நான் சொன்னது 250 கிராம்.

ஏரல்காரன்: திரும்பவும் 250! சரி, கடையில போயி வாங்கும். 2022 பிப்ரவரியில இருந்து வெளிநாட்டு ட்ரோன் இறக்குமதிக்குத் தடை. நீரு சொல்லுத 249 கிராம் சாமான் சீனாக்காரன் சரக்கு. காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் கொட்டிச்சு. அந்த மழையில நனைஞ்சா ட்ரோனே கீழ விழுந்துரும்லா. படம் புடிக்கப் போனத தேட இன்னொரு படகு விடணும்.

பிசானத்து அக்கா: ஏன் சண்டை? எங்க மகளிர் குழுவுல பயிருக்கு மருந்தடிக்கிற ட்ரோன் இருக்கு, 10 லிட்டர் தூக்கும். மகளிர் குழுக்களுக்கு ட்ரோன் குடுக்குற மத்திய அரசோட ட்ரோன் தீதி திட்டத்துல 80 சதவீதம் மானியம், 8 லட்சம் வரைக்கும். கார், பிசானம் ரெண்டு நெல் போகத்துக்கும் வயல்ல ஓடும், வெள்ளம் வந்தா பொட்டலம் போடலாம். பஞ்சாயத்து பீரோவுல வச்சா பேட்டரி உப்பித்தான் போவும்.

ஜங்ஷன் தம்பி: அக்கா, அது நானோ இல்ல, விதிப்படி அதவிடப் பெரிய 'சின்ன' ரகம். பதிவு, சான்றிதழ், காப்பீடு எல்லாம் வேணும். 250 கிராம்னா...

ஏரல்காரன்: அக்கா கணக்கு சொல்லுதாவ, இவரு தராசு புடிக்காரு. 2025 செப்டம்பர்ல ட்ரோனுக்கு ஜிஎஸ்டிய 5 சதவீதமாக் கொறச்சாச்சு. ஆனா வருஷம் பூரா ஓட்டுத ஆளுக்கு சம்பளம் யாரு குடுப்பா? நீரா?

ஜங்ஷன் தம்பி: அந்த வெள்ளத்துல ஸ்ரீவைகுண்டத்துல செந்தூர் எக்ஸ்பிரஸ் ரயில்ல 800 பேரு மாட்டுனப்ப ஹெலிகாப்டர் விட்டு பொட்டலம் போட்டாவளே, அதுக்கு ஆன செலவு உம்ம கண்ணுக்குத் தெரியாது.

ஏரல்காரன்: ஹெலிகாப்டருக்கு முந்தியே சோறு பொங்கிப் போட்டது புதுக்குடி ஊருக்காரவ. அது எத்தன கிராம்வே?

ராதாபுரத்தான்: விடுங்க அண்ணாச்சி. போன மாசம் அல்வா சண்டையிலயும் இவரு இப்படித்தான்.

ஜங்ஷன் தம்பி: அல்வாவ ஏன் இழுக்கீரு? தாமிரபரணித் தண்ணிதான் ருசின்னு சொன்னது தப்பா?

ஏரல்காரன்: அந்தத் தண்ணிதான்வே எங்க வீட்டுக்குள்ள இடுப்பளவு நின்னுச்சு. கிண்டிப் பாத்திருக்கலாம்.

ஜங்ஷன் தம்பி: பேச்ச மாத்தாதீரும். 250 கிராமுக்கு சான்றிதழ் வேணுமா, வேண்டாமா? அத மட்டும் சொல்லும்.