நேரு ஸ்டேடியத்தில் கண்ட முகமது அலி

இந்த இணைய விவாதத் திரியில் பலரும் தாங்கள் நேரில் கண்ட விளையாட்டு வீரர்களைப் பற்றி எழுதிவருவதால், 1980-இன் தொடக்கத்தில் சென்னைக்கு வந்த அமெரிக்கக் குத்துச்சண்டை வீரர் முகமது அலியை நான் கண்டதையும் பதிவு செய்கிறேன். அப்போது எனக்குப் பதினைந்து வயது. வடசென்னையில் பையன்களுக்குக் குத்துச்சண்டை சொல்லிக்கொடுத்துவந்த என் சித்தப்பா என்னை நேரு ஸ்டேடியத்துக்கு அழைத்துச் சென்றார். அது பட்டத்துக்கான போட்டி அல்ல. ஜிம்மி எல்லிஸுடன் அலி மோதிக்காட்டிய காட்சிப் போட்டி. எல்லிஸும் அலி பிறந்த லூயிவில் ஊர்க்காரர்தான். வியட்நாம் போருக்காகப் படையில் சேர மறுத்ததால் 1967-இல் அலியிடமிருந்து உலக சாம்பியன் பட்டம் பறிக்கப்பட்டபோது, நண்பன் விட்டுச்சென்ற அந்தச் சாம்பியன் நாற்காலியில் சில காலம் அமர்ந்திருந்தவர் அவர்.

சித்தப்பாவுக்கு அலி மீதிருந்தது பக்தி என்றே சொல்ல வேண்டும். எந்த வாத்தியாரும் முதல் நாளிலேயே சொல்லிக்கொடுக்கும் இரண்டு பாடங்கள் உண்டு: கைகளைத் தாடைக்குக் கீழே இறக்காதே, குத்து வரும்போது தலையை நேராகப் பின்னால் இழுக்காதே. அலி இரண்டையும் மீறினார். கைகளை இடுப்பருகே தொங்கவிட்டுக்கொண்டு, வாயாலும் எதிரியைக் குத்திக்கொண்டு, எந்தச் சுற்றில் அவன் விழுவான் என்பதை முன்கூட்டியே பாட்டாகப் பாடிவிட்டு அவரால் வெல்ல முடிந்ததென்றால், அதற்குக் காரணம் அவருடைய கால்கள். 1964-இல், 22 வயதில், எல்லோரும் அஞ்சிய சன்னி லிஸ்டனை ஏழாவது சுற்றுக்கு எழுந்துவர முடியாதபடி செய்ததும் அந்தக் கால்கள்தான். அலியின் வாயைப் பற்றி எழுதியவர்கள் ஏராளம். கால்களைப் பற்றிச் சித்தப்பா போன்றவர்களே பேசினார்கள்.

ஸ்டேடியத்தில் நான் கண்ட அலிக்கு இடுப்புப் பருத்திருந்தது. சில விநாடிகள் அவர் கால்களை முன்னும் பின்னும் மின்னலாக மாற்றிக் காட்டியபோது எழுந்த ஆரவாரம் இன்றும் என் காதில் இருக்கிறது. பிறகு அவர் நின்று மூச்சு வாங்கியதாக எனக்குப் பட்டது. அதையும் வேடிக்கை என்றே எண்ணி எல்லோருடனும் சேர்ந்து நானும் சிரித்தேன். சித்தப்பா மட்டும் சிரிக்கவில்லை. (அந்த நாட்களில் அலியும் முதல்வர் எம்.ஜி.ஆரும் சேர்ந்து நிற்கும் படத்தைப் பலர் பார்த்திருக்கலாம். இருவருக்கும் பிறந்த நாள் ஜனவரி 17 என்பது எனக்கு வெகுகாலம் கழித்தே தெரிந்தது.)

*

மேலே எழுதிய ஐயாவுக்கு வணக்கம். நீங்கள் பார்த்ததற்குப் பதினாறு ஆண்டுகள் கழித்து, 1996 ஜூலை 19 அன்று, அட்லாண்டா ஒலிம்பிக் தொடக்க விழாவில் நான் அவரைப் பார்த்தேன். பணி நிமித்தமாக அங்கு வசித்த எனக்கு உயரமான ஓர் அடுக்கில் இடம் கிடைத்திருந்தது. தீபத்தை ஏற்றப்போவது யார் என்பதைக் கடைசி நொடிவரை இரகசியமாகவே வைத்திருந்தார்கள். நீச்சல் வீராங்கனை ஜேனட் எவன்ஸ் மேலே ஓடிவந்தபோது, நிழலிலிருந்து வெள்ளை உடையில் ஒருவர் வெளிப்பட்டார். என்னைச் சுற்றியிருந்தவர்கள் ஒரு கணம் மூச்சை அடக்கிக்கொண்டு, பின்னரே கூவினார்கள். வலக்கையில் தீப்பந்தம் இருக்க, இடக்கை நிற்காமல் நடுங்கிக்கொண்டிருந்தது. அந்த முகத்தில் அசைவே இல்லை. அத்தனை பேசிய வாய் மூடியிருந்தது. அருகிலிருந்த முதியவர் ஒருவர் அழுதார். எனக்கு அழுகை வரவில்லை. தீ அவர் கையைச் சுட்டுவிடுமோ என்ற பயமே இருந்தது. 1984-லேயே அவருக்குப் பார்கின்சன் நோய் என்று கண்டறிந்துவிட்டார்கள் என்பதைப் பிறகுதான் படித்தேன். உங்கள் சித்தப்பா ஏன் சிரிக்கவில்லை என்று எழுதினால் நன்றாக இருக்கும்.

*

தம்பி கேட்டதற்காக மீண்டும் எழுதுகிறேன். அன்று பேருந்தில் திரும்பும்போது நானும் அதையே சித்தப்பாவிடம் கேட்டேன். "கால் போயிடுச்சுடா. இனிமே அடிய வாங்கித்தான் ஜெயிக்கணும்," என்றார். பட்டத்தைப் பறித்து மூன்றரை ஆண்டுகள் மேடையேற விடாமல் முடக்கிவைத்தபோதே அந்தக் கால்களின் வேகம் குறைந்துவிட்டது என்பது அவர் கணக்கு. தனக்கு அடிதாங்கும் திறன் இருக்கிறது என்பதை அதன் பிறகே அலி கண்டுகொண்டார். 1974-இல் ஆப்பிரிக்காவின் கின்ஷாசாவில் மேடைக் கயிற்றில் சாய்ந்து நின்று, ஜார்ஜ் ஃபோர்மனைக் கை ஓயும்வரை குத்தவிட்டு, எட்டாவது சுற்றில் அவரை வீழ்த்தியதை உலகமே மேதைமை என்று கொண்டாடியது. மேதைமைதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த வெற்றி அவருக்குக் கற்றுக்கொடுத்தது தவறான பாடம் என்பது என் எண்ணம். மறு ஆண்டு மணிலாவில் ஜோ ஃபிரேசியருடன் கொளுத்தும் வெப்பத்தில் 14 சுற்றுகள் வாங்கிய அடியும், 1977-இல் எர்னி ஷேவர்ஸிடம் வாங்கிய அடியும் கணக்குப் பேரேட்டில் ஏறிக்கொண்டே இருந்தன. ஷேவர்ஸ் போட்டிக்குப் பின் அவருடைய மருத்துவரே விலகிக்கொண்டார்.

சென்னைக்கு வந்தபோது அலி ஓய்வை அறிவித்திருந்தார். அதே ஆண்டு அக்டோபர் 2 அன்று, லாஸ் வேகாஸில், ஒரு காலத்தில் தமக்குப் பயிற்சித் துணையாக இருந்த லேரி ஹோம்ஸுக்கு எதிராக மீண்டும் மேடை ஏறினார். தைராய்டு மாத்திரையும் சேர்ந்து எடையைக் குறைத்திருந்ததால் பார்ப்பதற்குப் பழைய அலியாகவே இருந்தார். உள்ளே எதுவும் இல்லை. பத்தாவது சுற்று முடிந்ததும் பயிற்சியாளர் ஏஞ்சலோ டண்டீ போட்டியை நிறுத்தினார். அத்தனைக்குப் பிறகும் 1981 டிசம்பரில், பஹாமாஸில், டிரெவர் பெர்பிக்குடன் பத்துச் சுற்றுகள் ஆடித் தோற்றார். அங்கே முறையான மணி இல்லாமல் மாட்டுமணியை அடித்துச் சுற்றுகளை நடத்தினார்களாம்.

அந்தச் செய்தியைப் படித்தபின் சித்தப்பா செய்த ஒரே மாற்றத்தை நான் கண்ணால் பார்த்தேன். பையன் எவனாவது கயிற்றில் சாய்ந்து அடிவாங்கத் தொடங்கினால், சுற்று முடிய ஒரு நிமிடம் மிச்சமிருந்தாலும் மணியை அடித்துவிடுவார்.